சீம்பாலைக் கீழே ஊற்றாதீர்கள்!



மாடு கன்னு போட்டதும் வரும் மஞ்சள் நிறப் பால்தான் சீம்பால். கன்று குடித்தது போக மீதியை வெல்லம் போட்டுக் காய்ச்சி நாம் ஆசையாகச் சாப்பிடுகிறோம். ஆனால் தாய்க்குச் சுரக்கும் சீம்பாலை மட்டும் "கெட்ட பால்" என்று சில வீடுகளில் பீய்ச்சிக் கீழே ஊற்றி விடுகிறார்கள். இது நியாயமா?

குழந்தை பிறந்த முதல் இரண்டு மூன்று நாட்கள் சுரப்பது சீம்பால். இதில் நோய் எதிர்ப்புப் பொருள்களும் வைட்டமின் ஏ சத்தும் நிறைய உள்ளன. அதனால்தான் இதைக் குழந்தையின் முதல் தடுப்பூசி என்கிறார்கள். வயிற்றில் உள்ள கரும்பச்சை மலம் சீக்கிரம் வெளியேறவும் இது உதவுகிறது.

"கொஞ்சமாத்தானே வருது, பிள்ளைக்குப் பத்துமா?" என்று கேட்பார்கள். பிறந்த குழந்தையின் வயிறு மிகச் சிறியது. ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி பாலே போதும். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் வயிறு நிறைந்து குழந்தை சப்பாது, பாலும் குறையும். தண்ணீரோ சங்கோ சுத்தமாக இல்லை என்றால் வயிற்றுப்போக்கு வரும்.

நினைவில் வையுங்கள்:

1. பிறந்த 1 மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். ஆபரேஷன் செய்து பிறந்த குழந்தைக்கும் சீம்பால் கொடுக்கலாம்.
2. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். வெயில் காலத்திலும் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் 100க்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான்.
3. 6 மாதத்துக்குப் பிறகு மசித்த சாதம், பருப்பு கொடுத்து, 2 வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம்.
4. 1 வயது ஆகும்வரை தேன் கொடுக்கக் கூடாது. அதில் உள்ள ஒரு கிருமி சின்னக் குழந்தைக்கு ஆபத்து.
5. தாய்க்கும் நன்மை உண்டு. கர்ப்பப்பை சுருங்கி ரத்தப்போக்கு குறையும். மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறையும்.

எங்க அக்காவுக்கு அடுத்த மாதம் பிரசவம். சேனை வைப்பதற்கு அப்பத்தா இப்பவே சர்க்கரை எடுத்து வச்சிருக்காங்க. "உங்கப்பனுக்கும் வச்சேன், நல்லாத்தானே இருக்கான்" என்கிறார்கள். "கன்னுக்குட்டிக்கு யாரு அப்பத்தா சர்க்கரைத் தண்ணி குடுத்தா?" என்று கேட்டேன். சிரிச்சாங்க. ஆனால் சர்க்கரை டப்பா இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நானும் விடப்போவதில்லை, தினமும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

உங்க வீட்டிலோ தெருவிலோ யாராவது மாசமாக இருந்தால், இன்றைக்குச் சாயங்காலமே போய்ச் சொல்லுங்கள்.

சீம்பால் கொடுப்போம்! சேய் நலம் காப்போம்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி