தரையில் உட்கார்ந்து பார், தம்பி

அன்புள்ள தம்பி,

லாயத்தில் விரிக்க மரச்சீவல் வாங்குவதா, உமி வாங்குவதா, எது மலிவு என்று போன வாரம் கேட்டாய். அவசரத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அது சரியான பதில் இல்லை என்று அன்றிரவே மனம் உறுத்தியது. அதனால்தான் இந்தக் கடிதம். உன்னைப்போல் இந்த வேலைக்குப் புதிதாக வரும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

எதையும் வாங்கப் போவதற்கு முன்னால் ஒன்று செய். குதிரையை வெளியே கட்டிவிட்டு, அதன் அறைக்குள் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார். ஐந்து நிமிடம் அப்படியே இரு. நின்றபடி முகர்ந்தால் பாதிதான் தெரியும். மூத்திரத்தில் உள்ள யூரியாவைக் கிருமிகள் சிதைக்கும்போது அம்மோனியா கிளம்புகிறது. அது கிளம்பும் இடம் தரை. குதிரை படுக்கும்போது அதன் மூக்கு இருக்கும் இடமும் தரைதான். ஐந்து நிமிடத்தில் உன் கண் எரிந்தால், அந்த ஜீவன் இரவெல்லாம் எதைச் சுவாசிக்கிறது என்பது உனக்கே புரியும்.

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பார்கள். அது பாதி உண்மை. காலைப் பூட்டிக்கொண்டு நின்றபடி கண்ணயரும். ஆனால் நாம் கனவு காண்கிறோமே, அந்த ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் போதும். தரை ஈரமாகவோ கட்டாந்தரையாகவோ இருந்தால் அந்த அரை மணி நேரமும் போய்விடும். நாள்கணக்கில் படுக்காத குதிரை, தூக்கம் தாளாமல் நின்ற இடத்திலேயே முன்பக்கமாகச் சரியும். முன்னங்கால் மூட்டுகளில் காரணம் தெரியாத சிராய்ப்பைக் கண்டால் முதலில் அதன் படுக்கையைப் பார்.

நான் பிறந்தது சீபீல்ட் தோட்டத்தில். சுபாங் ஜெயா எழும்பிய மண் அது. 1976-இல் இங்கே வீடமைப்புத் தொடங்கியபோது என் அப்பா இன்னும் மாடு வைத்திருந்தார். பால் கறப்பதற்கு முன் கொட்டகையில் குந்தி, உள்ளங்கையைத் தரையில் பதித்துப் பார்ப்பார். கை நனைந்தால் அன்று அம்மாவுக்குத் திட்டு விழும். அந்தக் கையைத்தான் நான் குதிரை லாயத்துக்குக் கொண்டுபோனேன்.

நம் வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மழை இல்லாத நாளிலும் காற்று ஈரம். ஆனால் நம்மிடம் இருக்கும் குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவை. இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைக்கு அரபு நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை இறங்கியது. ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள், ஆண்டு முடிவில் மிஞ்சியவை சொற்பம், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்று மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். வறண்ட மண்ணில் வளர்ந்த பிராணியை ஈரமண்ணில் காப்பது தனி வித்தை. அதில் படுக்கை பெரும் பங்கு.

குளிர்நாட்டுப் புத்தகங்கள் வைக்கோலைப் புகழும். அங்கே அது கோதுமை வைக்கோல். இங்கே கிடைப்பது நெல் வைக்கோல். இரண்டு மழைக்குப் பூசணம் பிடிக்கும். குதிரை அதைத் தின்னவும் தின்னும். குடலில் அடைத்து வயிற்றுவலியில் புரளும். வேண்டாம்.

உமி உண்மையிலேயே மலிவு. சிகிஞ்சான், தஞ்சோங் காராங் பக்கத்து அரிசி ஆலைகளில் மலையாகக் குவிந்து கிடக்கும். ஆனால் உமி மூத்திரத்தை உறிஞ்சாது, கீழே இறக்கிவிடும். தரை நல்ல சரிவோடு, வடிகாலோடு இருந்தால் மேல்பரப்பு உலர்ந்தே இருக்கும். சரிவு இல்லாத சிமெண்டுத் தரை என்றால் அடியில் குளம் கட்டும். அதனால் உமியா சீவலா என்று என்னிடம் கேட்காதே. ஒரு வாளித் தண்ணீரை வெறுந்தரையில் ஊற்றி அது எங்கே ஓடுகிறது என்று பார். ரப்பர் பாய் போட்டிருந்தால் அதைத் தூக்கிப் பார். பாய் குஷன் தரும், ஒரு சொட்டையும் உறிஞ்சாது.

மரச்சீவல்தான் என் தேர்வு. ஆனால் எந்த மரம்? ரப்பர் மரத்தில் இனிப்புச்சத்து அதிகம், வெட்டிய சில நாளில் பூசணம் ஏறும். அதனால் ஆலைகளில் போரான் மருந்து ஏற்றுகிறார்கள். மருந்து ஏற்றிய பலகையின் சீவல் லாயத்துக்குள் வரக்கூடாது. ரெங்காஸ் மரத்தின் பால் பட்டால் மனிதத் தோலே கொப்பளிக்கும். இறக்குமதியாகும் கறுப்பு வால்நட் இன்னும் மோசம். அதன் சீவல் கொஞ்சம் கலந்தாலும் குதிரைக்குக் குளம்பு அழற்சி வரும், முடமாகும். எந்த மரம் என்று சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதே.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருஷங்களுக்கு முன், ஒரு மரச்சாமான் பட்டறையில் மரத்தூள் சும்மா கிடைத்தது. மாதம் எவ்வளவு மிச்சம் என்று முதலாளியிடம் பெருமையாகச் சொன்னேன். மூன்றாம் வாரம் ஒரு செம்பழுப்புப் பெண்குதிரை இருமத் தொடங்கியது. ஓட்டத்துக்குப் பிறகு மூச்சு இறங்க மறுத்தது. மருத்துவர் வந்தார், ஊசி எதுவும் போடவில்லை. விளக்கை அணைக்கச் சொன்னார். கைநிறையத் தூளை அள்ளி மேலே வீசி, டார்ச் அடித்தார். ஒளிக்கற்றைக்குள் தூசு புகைபோல் நின்றது. எண்ணி இரண்டு நிமிடம் அது இறங்கவில்லை. அதில் ஒட்டுப்பலகை அறுத்த தூளும் கலந்திருந்தது, பசையோடு. அந்தக் குதிரை பிழைத்தது. ஆனால் பழைய மூச்சு அதற்குத் திரும்பவே இல்லை. நான் செய்த தவறு அது.

ஆகவே லோரி வந்ததும் மூன்று மூட்டையைப் பிரி. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. டார்ச் அடித்துப் பார். பிடித்துப் பிசைந்தால் உள்ளங்கை ஈரமாகக்கூடாது. மக்கிய வாடை வந்தால் இறக்காமல் திருப்பி அனுப்பு. யாரும் கோபித்துக்கொண்டால் என் பேரைச் சொல். வாங்கியதைப் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்கு.

500 கிலோக் குதிரை நாளொன்றுக்கு 20 கிலோ அளவுக்கு லத்தி போடும். லத்தியைவிட மூத்திரம் ஊறிய இடம்தான் முக்கியம். தினமும் அதைத் தரை தெரியும்வரை வாரி எடு, தரை காய்ந்தபின் புதுச்சீவல் போடு. ஊறிய சீவலை மூடிமறைத்து மேலே புதிது தூவுவது நம் ஊரில் பெரும்பாவம். அடியில் புழுங்கிச் சூடேறும், கடி ஈ முட்டையிடும், குளம்பின் அடி அழுகும். வாரும்போது குதிரை வெளியே இருக்கட்டும், தூசு அடங்கியபின் உள்ளே கொண்டுவா. விரிப்பு ஒரு சாண் உயரமாவது இருக்கட்டும். சுவரோரம் இன்னும் உயர்த்திக் கரை கட்டு. புரளும்போது சுவரில் கால் மாட்டி எழ முடியாமல் தவித்த குதிரையைப் பார்த்திருக்கிறேன்.

நாளைக் காலை போனதும் தீனி வைப்பதற்கு முன் அதன் விலாவையும் வாலையும் பார். சீவல் ஒட்டியிருந்தால் அது ராத்திரி படுத்திருக்கிறது. பசியாறிவிட்டு எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
உன் அங்கிள்
சுபாங் ஜெயா