பணம் வந்தது, பங்கு போகவில்லை

கேள்வி: நானும் நண்பரும் கோவையில் பிரைவேட் லிமிடெட் கம்பெனி வைத்து, பம்ப்செட்டை செல்போனில் இயக்கும் கருவி செய்கிறோம். தெரிந்த தொழிலதிபர் ஒருவர் 10 சதவீதப் பங்குக்கு 40 லட்சம் தருவதாக இரண்டு பக்க டெர்ம் ஷீட்டில் கையெழுத்திட்டு, 15, 15, 10 லட்சம் என மூன்று தவணையாகக் கம்பெனிக் கணக்கில் போட்டார். 14 மாதம் ஆகிறது. பங்கு ஒதுக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டோம். பணம் செலவாகிவிட்டது, விற்பனை இல்லை. வட்டியோடு திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஸ்டார்ட்அப் முதலீட்டில் நஷ்டம் அவருக்கும் உண்டுதானே?
- வாசகர், கோவை

பதில்: உண்டு, அவர் பங்குதாரராக இருந்தால். அவர்தான் இன்னும் பங்குதாரரே ஆகவில்லையே!

வென்ச்சர் கேப்பிடல் நிதியோ ஏஞ்சல் முதலீட்டாளரோ பங்கு வாங்கப் போடும் பணத்துக்கு வட்டி கிடையாது. கம்பெனி மூழ்கினால் அந்தப் பணமும் மூழ்கும். ஆனால் பங்கு ஒதுக்கும்வரை அது வெறும் விண்ணப்பப் பணம்தான். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 42-இன்படி பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். முடியாவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அதையும் தவறவிட்டால், 60-ஆம் நாள் முடிந்ததிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. அதோடு விதிகள் அந்தப் பணத்தை டெபாசிட்டாகவே கருதும். அனுமதியின்றி டெபாசிட் வாங்கிய குற்றச்சாட்டு இயக்குநர்களைச் சிறைவரை கொண்டுபோகலாம்.

'அது பின்னால் பங்காக மாறும் கன்வர்ட்டிபிள் நோட்' என்று வாதாடலாமா? அரசின் டிபிஐஐடி அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் அப்படி வாங்கும் பணத்துக்கு டெபாசிட் விதியிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் ஒருவரிடமிருந்து ஒரே தவணையில் 25 லட்சமோ அதற்கு மேலோ வந்திருக்க வேண்டும். உங்களுக்கு வந்ததில் பெரிய தவணையே 15 லட்சம். அந்தக் கதவு மூடிவிட்டது.

பிரிவு 42 இன்னொன்றும் சொல்கிறது: பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், பங்கு ஒதுக்கி, அந்த விவரத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும்வரை தொடக்கூடாது. நீங்கள் ஒரு ரூபாய்கூட மிச்சம் வைக்கவில்லை. கம்பெனி தொடங்க ஆடிட்டரைத் தேடிப் போனவர்களுக்கு, 40 லட்சம் வந்தபோது ஒரு கம்பெனி செக்ரட்டரியைப் பார்க்கத் தோன்றவில்லையா? போர்டு தீர்மானம் இல்லை, சிறப்புத் தீர்மானம் இல்லை, மதிப்பீட்டு அறிக்கை இல்லை. நண்பர்களின் வாய்வார்த்தையை எந்த நீதிமன்றமும் வாசித்துப் பார்க்காது. போதாக்குறைக்கு நோட்டீஸை மூன்று வாரம் மேசையில் வைத்திருந்துவிட்டு எனக்கு எழுதுகிறீர்கள்!

பழைய தேதியிட்டுத் தீர்மானம் எழுதும் யோசனை யாராவது சொன்னால், கேட்காதீர்கள்; இப்போதுள்ள சிக்கலோடு மோசடி வழக்கும் சேரும். 'அண்ணா, மார்ச்சுக்குள் செட்டில் பண்ணிடறேன்' என்ற ரீதியில் வாட்ஸ்அப் அனுப்புவதையும் நிறுத்துங்கள். கடன் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக அதைக் காட்டுவார்கள். உங்கள் சொந்தச் சொத்துக்குப் பாதிப்பு வருமா என்பது, தனிப்பட்ட உத்தரவாதம் எதிலாவது கையெழுத்திட்டிருக்கிறீர்களா என்பதையும் பொறுத்தது. உங்கள் கடிதத்தில் அந்த விவரமே இல்லை.

அவர் சம்மதித்தால் சமரசத்துக்கு இடமுண்டு: தவணையில் திருப்புவதா, புதிதாக முறைப்படி பங்கு தருவதா என்று பேசலாம். ஆவணங்களைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது சரியல்ல. டெர்ம் ஷீட், மூன்று தவணைக்கான வங்கி ஸ்டேட்மென்ட், கம்பெனியின் விதித்தொகுப்பு, நோட்டீஸ் வந்த கவர், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கம்பெனிச் சட்டம் பார்க்கும் வழக்கறிஞரை இந்த வாரமே நேரில் சந்தியுங்கள். நோட்டீஸுக்குப் பதிலை அவரே அனுப்பட்டும்.