உடல்நிறையைக் குறைத்தலும் குறைத்ததைக் காத்தலும்

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் முதலிய குளங்களின் கீழும், மானாவாரி நிலங்களிலும் வன்னிக் கமக்காரர் நெல்லும் காய்கறியும் செய்துவருகின்றனர். மண்வெட்டியும் எருதும் அரிவாளும் கொண்டு முன்னோர் செய்த வேலையை இன்று உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் செய்கின்றன. தோட்டத்திற்கு நீர் இறைப்பதும் இயந்திரமே. வயலுக்கு நடந்து சென்றவர் இன்று மோட்டார் சைக்கிளிற் செல்கின்றார். இவை வரவேற்கத்தக்க மாற்றங்களே. எனினும், உழைப்புக் குறைந்த அளவிற்கு உணவு குறையவில்லை. இதன் பயனாகக் கமக்காரர் பலரின் உடல்நிறை மிகுந்துவருகின்றது.

நிறை ஏறுவது ஏன்?

உடலை ஒரு குளத்திற்கு ஒப்பிடலாம். உணவு குளத்துள் வரும் நீர். உழைப்பு துருசு வழியே வெளியேறும் நீர். துருசை மூடிவிட்டு வரவை முன்போல் விட்டால் நீர்மட்டம் உயரும். குளத்திற்கு வான் உண்டு. மிகுதி நீர் அதன் வழியே பாய்ந்துவிடும். உடலுக்கோ வான் இல்லை. மிகுதியான உணவுச் சக்தி கொழுப்பாக மாறி, பெரும்பாலும் வயிற்றைச் சுற்றியே தங்கும். காலபோக அரிவி வெட்டு முடிந்து சிறுபோகம் தொடங்கும்வரை உள்ள ஓய்வுக் காலத்திலும், நீர் போதாமையாற் சிறுபோகம் செய்யப்படாத ஆண்டுகளிலும் இது விரைவில் நிகழும்.

இதனால் வரும் கேடு

மிகுந்த நிறை நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், இருதய நோய், முழங்கால் நோவு ஆகியவற்றிற்கு வழிவகுக்கும். 2005-2006இல் வடக்கு, கிழக்கு தவிர்ந்த ஏழு மாகாணங்களில் நடைபெற்ற ஆய்வொன்றில், 20 வயதிற்கு மேற்பட்டோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது காணப்பட்டது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் தமக்கு நோயிருப்பதை அறியாதிருந்தனர்.

நீரிழிவு நாட்பட்டால் பாதத்தின் உணர்ச்சி மழுங்கும். சேற்றில் முள்ளோ சிப்பியோ குத்தியதை அறியாத கால் புண்பட்டு அழுகினால், அதனை அகற்றவும் நேரிடலாம். போரினாற் கால் இழந்தோர் பலர் வாழும் இம்மண்ணில், தடுக்கக்கூடிய நோயினால் இன்னுமொரு கால் இழக்கப்படலாகாது.

இடம்பெயர்வையும் 2009ஆம் ஆண்டின் உணவுத் தட்டுப்பாட்டையும் அனுபவித்த குடும்பங்களில், உடல் பருத்திருப்பதே நலத்தின் அடையாளமென எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணம் பிறந்த காரணம் மதிக்கத்தக்கது. ஆயினும் பட்டினி உடலுக்கு எவ்வாறு பகையோ, மிகுதியான கொழுப்பும் அவ்வாறே பகையாகும்.

நிறை மிகுதியை அறியும் முறை

கிலோகிராமிலுள்ள நிறையை, மீற்றரிலுள்ள உயரத்தால் இருமுறை வகுத்தல் வேண்டும். ஆசிய மக்களுக்கு விடை 23 அல்லது அதற்கு மேலாயின் நோய்க்கான ஏது கூடுகின்றது, 27.5 அல்லது அதற்கு மேலாயின் அது மிக அதிகம். உதாரணமாக, 1.6 மீற்றர் உயரமும் 72 கிலோகிராம் நிறையுமுள்ள ஒருவருக்கு விடை ஏறத்தாழ 28 ஆகும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்னும் அளவுகளைத் தாண்டலாகாது. தராசு இல்லாத வீட்டில், இவ்வளவில் முடிச்சிட்ட ஒரு கயிறே போதும்.

மேற்கூறியவர் 72 கிலோகிராமிலிருந்து உடனே 58 கிலோகிராமிற்கு இறங்கவேண்டுமென்பதில்லை. நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு, அதாவது 4 அல்லது 5 கிலோகிராம் குறைந்தாலே பெரும் நன்மை உண்டு. வாரத்திற்கு அரைக் கிலோகிராம் குறைவது தக்க வேகமாகும்.

உணவில் மாற்றம்

1. சோறு: ஒரு கோப்பைச் சோற்றில், அதாவது ஏறத்தாழ 150 கிராமில், 200 கிலோகலோரி அளவு சக்தி உண்டு. நாளொன்றுக்கு ஒரு கோப்பையைக் குறைத்து, அவ்விடத்தைக் கத்தரி, வெண்டி, பயிற்றங்காய், புடோல், பாகல், முருங்கைக்கீரை, பொன்னாங்காணி ஆகியவற்றால் நிரப்புதல் வேண்டும். கோப்பையின் பாதி காய்கறியும் கீரையும், கால்பங்கு மீனோ பயறோ பருப்போ, கால்பங்கு சோறோ புட்டோ என்பதே அடையவேண்டிய நிலை. ஒரே நாளில் இதற்கு மாற இயலாது. படிப்படியாக மாறுதல் நன்று.

2. அரிசி: தவிடு நீக்காத சிவப்பரிசியும் குரக்கனும் நார்ப்பொருள் மிக்கவை, வயிறு நிறைந்த உணர்வை நெடுநேரம் தருபவை. ஆயினும் அவற்றை அளவின்றி உண்ணலாமென்பது தவறு.

3. சீனி: நாளொன்றுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் 50 கிராம் சேர்கின்றது. இதுவும் 200 கிலோகலோரியே. சீனியை வாரந்தோறும் அரைக்கரண்டி குறைத்துவந்தால் நாக்கு பழகிக்கொள்ளும். பனங்கட்டியும் சர்க்கரையும் இவ்விடயத்திற் சீனிக்கு ஒப்பானவையே. 2016ஆம் ஆண்டு முதல் மென்பானப் போத்தல்களில் இடப்படும் சிவப்பு அடையாளம் சீனி மிகுதியைக் குறிக்கும்.

4. எண்ணெயும் தேங்காயும்: ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கிலோகலோரி உண்டு. மீனைப் பொரிப்பதிலும் குழம்பாக்குதல் நன்று. சொதிக்குக் கட்டிப்பாலைக் குறைத்து, இரண்டாம் பாலைச் சேர்க்கலாம். சாராயமும் கள்ளும் சக்தியைக் கூட்டுவனவே.

உடலுழைப்பு

வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உடலுழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் விதந்துரைத்தது. விரைந்து நடத்தல், சைக்கிள் ஓட்டுதல், மண்வெட்டியால் வரம்பு கட்டுதல், களை பிடுங்குதல் ஆகியன இதில் அடங்கும். உழவு இயந்திரத்தில் அமர்ந்திருந்த நேரத்தை இக்கணக்கிற் சேர்த்தலாகாது. வேலை மிகுந்த மாதங்களில் கமத்தொழிலே போதிய பயிற்சியாகும். ஓய்வு மாதங்களிலேயே கவனம் வேண்டும். வெயில் ஏறுமுன் குளக்கட்டு வழியே நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தல் எளிதான முறை. கால் இழந்தோர் வைத்தியரின் ஆலோசனையுடன் கைகளுக்குரிய பயிற்சிகளைச் செய்யலாம்.

தராசு அசையாவிடினும் இம்முயற்சி வீண்போவதில்லை. சென்னையில் ஏ. இராமச்சந்திரனும் குழுவினரும் மூன்று ஆண்டுகள் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு வரக்கூடியோர் உணவைச் சீர்செய்து நடைப்பயிற்சி செய்தனர். அவர்களின் நிறை பெரிதாகக் குறையவில்லை. எனினும் நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு நூற்றுக்கு 28 பங்களவிற் குறைந்தது.

குறைத்ததைக் காத்தல்

நிறையைக் குறைத்தலிலும் அதனைக் காத்தலே கடினம். இதற்குக் காரணம் மனவுறுதியின்மை மட்டுமன்று. மெலிந்த உடல் முன்னிலும் குறைந்த சக்தியையே செலவிடும், பசியோ மிகும். நிறை குறைத்தவர்களுக்குப் பசியைத் தூண்டும் ஓமோன்கள் ஓராண்டின் பின்னரும் மிகுந்தே இருந்தன என, 2011இல் வெளியான மெல்பேண் ஆய்வொன்று காட்டியது. ஆதலின், சில மாதங்களிற் பட்டினி கிடந்து மெலிந்தபின் பழைய உணவிற்குத் திரும்புவோர் பழைய நிறைக்கே திரும்புவர்.

ஒருமுறை களை பிடுங்கியதும் பயிரைக் கைவிடும் கமக்காரர் இலர். உடலும் அவ்வாறே தொடர்ந்த கவனிப்பை வேண்டும். அமெரிக்காவில் 1994 முதல், குறைத்த நிறையைக் காத்துவருவோரின் பழக்கங்கள் பதியப்படுகின்றன. அவர்களுட் பெரும்பாலோர் காலையுணவைத் தவிர்ப்பதில்லை. வாரத்திற்கு ஒருமுறையேனும் நிறை பார்க்கின்றனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம் உடலை அசைத்து உழைக்கின்றனர். கமக்காரரும் வாரத்தில் ஒரு குறித்த நாளில், காலையில் உண்ணுமுன் நிறையையோ இடுப்பளவையோ பார்த்துக் குறித்துவைத்தல் நன்று. இரண்டு கிலோகிராம் ஏறியவுடன் சோற்றையும் சீனியையும் மீண்டும் குறைத்தல் வேண்டும். வரம்பிலுள்ள சிறு நண்டுவளையை அன்றே அடைப்பது எளிது; உடைந்த வரம்பைக் கட்டுவது அரிது.

வீட்டில் ஒருவருக்கென வேறு உணவு சமைப்பது நீடிக்காது. குடும்பத்தவர் யாவரும் காய்கறியை மிகுத்து உண்பதே நிலைக்கும் வழி. விற்பனைக்குப் பயிரிடும் கீரையிலும் காயிலும் வீட்டுக்குரிய பங்கை முதலில் எடுத்துவைத்தல் வேண்டும்.

கவனிக்கவேண்டியவை

சிறுவர், கருப்பிணித் தாய்மார், பாலூட்டும் தாய்மார், மெலிந்த முதியோர் ஆகியோர் உணவைக் குறைத்தலாகாது. நீரிழிவிற்கு மாத்திரையோ இன்சுலினோ பெறுவோர் வைத்தியரைக் கேளாது உணவைக் குறைத்தால், குருதியில் வெல்லம் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். அவர்கள் சேற்றில் இறங்குமுன் பாதங்களுக்குக் காப்பணிந்து, மாலையிற் கழுவித் துடைத்து, புண் உண்டோவெனப் பார்த்தல் அவசியம். முயலாமலே நிறை குறைந்தால் அது நோயின் அறிகுறியாகலாம். உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். முப்பத்தைந்து வயதைத் தாண்டியோர் குருதியில் வெல்லத்தின் அளவையும் குருதி அமுக்கத்தையும் அரச வைத்தியசாலையிற் பரிசோதித்துக்கொள்ளல் நன்று.

அடுத்த போகத்திற்கு விதைநெல்லைக் காத்துவைப்பவர் கமக்காரர். அவ்விதையை விதைக்கவேண்டிய உடலையும் அவர் அவ்வாறே காத்துக்கொள்வாராக.