இல்லாத காலின் உளைவு

செங்கலடி – பதுளை வீதியால் கரடியனாறு வரை போய் வருபவர்களுக்கு, ஒரு கால் இல்லாமல் ஊன்றுகோலுடன் நடக்கும் ஒருவரைக் காண்பது புதினமல்ல. நீண்ட யுத்தமும் மிதிவெடிகளும் எமது மாவட்டத்தில் விட்டுச் சென்ற அடையாளம் அது. அப்படியான ஒருவர், "இல்லாத காலின் பெருவிரல் உளையுது" என்று சொன்னால் வீட்டார் என்ன நினைப்பார்கள்? கவலையில் புத்தி பேதலித்துவிட்டது என்றே பெரும்பாலும் நினைப்பார்கள். அந்த உளைவு உண்மையானது. மூளையைப் பற்றி விஞ்ஞானிகள் அறிந்தவற்றுள் ஒரு முக்கிய பகுதி அதிலிருந்து வந்தது.

மூளையம், மூளி, நீள்வளைய மையவிழையம் என்று சாதாரண தர விஞ்ஞானத்தில் மனனம் செய்கிறோம். ஒவ்வொன்றின் தொழிலையும் எழுதிப் புள்ளி பெறுகிறோம். உயிரோடு இருப்பவரின் மண்டைக்குள் நடப்பதை எவர், எப்படிக் கண்டார் என்று கேட்பதில்லை. ஆரம்பத்தில் வழி ஒன்றுதான் இருந்தது: பழுதுபட்ட மூளையைப் பார்த்து நல்ல மூளையை ஊகிப்பது. 1861இல் பாரிஸ் நகரில் போல் புரோக்கா என்ற வைத்தியர், "தான்" என்ற ஓர் அசையை மட்டுமே பேச முடிந்த நோயாளி ஒருவரைப் பார்த்தார். (தமிழில் அது பொருளுள்ள சொல். அவருக்கோ எல்லாப் பொருளுக்கும் அது ஒன்றே.) அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்தபோது இடது முன்பகுதி சிதைந்திருந்தது. பேச்சுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்பது அப்படித் தெரிந்தது.

பின்னர் கனடாவின் மொன்றியலில் வைல்டர் பென்பீல்ட், வலிப்பு நோயாளிகளுக்கு அவர்கள் விழித்திருக்கும்போதே சத்திரசிகிச்சை செய்தார். மூளைக்கு வலி தெரியாது. மெல்லிய மின்னோட்டத்தால் ஓரிடத்தைத் தொட்டதும் நோயாளி "விரல் கூசுகிறது" என்பார். சற்றுத் தள்ளித் தொட்டால் "உதடு" என்பார். இப்படி உடலின் வரைபடம் ஒன்று மூளையில் இருப்பது தெரிய வந்தது. அதில் கைக்கு அயல்வீடு முகம்.

இந்த அயல்வீட்டைப் பற்றித்தான் வி. எஸ். இராமச்சந்திரன் சிந்தித்தார். தமிழ்நாட்டில் 1951இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் சான் டியேகோவில் ஆய்வு செய்தவர். 1990களின் தொடக்கத்தில், விபத்தில் கையை இழந்த ஓர் இளைஞனின் கண்களைக் கட்டி, பஞ்சு சுற்றிய குச்சியால் அவன் கன்னத்தைத் தொட்டார். கன்னத்திலும் தெரிகிறது, இல்லாத பெருவிரலிலும் தெரிகிறது என்றான் அவன். முகத்தில் நீர் வழிந்தபோது, இல்லாத கையிலும் நீர் வழிவதை உணர்ந்தான். வெறுமையாகிவிட்ட கைப் பகுதிக்குள் முகத்தின் நரம்புத் தொடர்புகள் புகுந்துவிட்டன என்று இராமச்சந்திரன் விளக்கினார்.

அழகான விளக்கம். அழகாக இருப்பதால் மட்டும் ஒன்று சரியாகிவிடாது. காயம் முன்னறிவித்துவிட்டு வருவதில்லை. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க, காயத்துக்கு முந்திய மூளையின் படம் ஆய்வாளர் கையில் இருக்காது. தாமர் மேக்கின் உள்ளிட்ட குழுவினர் இதற்கு வழி கண்டனர். நோயினால் கை அகற்றப்பட இருந்த மூவரின் மூளையை முன்கூட்டியே எம்.ஆர்.ஐ. கருவியால் படமெடுத்து, அகற்றிய பின்னரும் தொடர்ந்து எடுத்தனர். 2025இல் வெளியான முடிவின்படி, கையின் வரைபடம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. உதட்டின் பகுதி அதற்குள் பரவவில்லை. கை போனது, மூளையிலிருந்த கை போகவில்லை.

விளக்கம் தடுமாறினாலும் இராமச்சந்திரனின் கண்ணாடி நிலைத்தது. இருக்கும் கையின் விம்பம், இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியுமாறு ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தினார். நோயாளி இரு கைகளையும் அசைப்பதாக நினைத்து அசைக்க வேண்டும். இறுகிக் கிடந்த இல்லாத கை விரிவதைச் சிலர் அக்கணமே உணர்ந்தனர். செலவு மிகச் சொற்பம்.

காலுக்கும் இது பொருந்துமா? 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கால் இழந்த 18 பேர் மூன்று குழுக்களாக 4 வாரங்கள், நாளுக்கு 15 நிமிடம் பயிற்சி செய்தனர். கண்ணாடியைப் பார்த்த 6 பேருக்கும் வலி குறைந்தது. துணியால் மூடிய கண்ணாடியின் முன் அதே பயிற்சியைச் செய்த 6 பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது. எண்ணிக்கை சிறிது, எல்லாருக்கும் பலன் கிடைக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வீட்டு நிலைக்கண்ணாடி ஒன்றை இரு கால்களுக்கும் நடுவே நிறுத்தும் அளவுக்கு எளிதான இந்த முறையை, இயன்மருத்துவர் ஒருவரிடம் கேட்டறிவதில் நட்டமில்லை.

இரு கால்களையும் இழந்தவருக்குக் கண்ணாடியில் காட்ட ஒரு கால் இல்லை. அவர்களுக்காகவும் ஒரு சோதனை நடந்தது. எதிரே வேறொருவர் தம் கால்களை அசைக்க, அதைப் பார்த்தபடி தம் இல்லாத கால்களையும் அவ்வாறே அசைக்க முயன்றார்கள். அவர்களுக்கும் உளைவு குறைந்தது.