உணவில் அளவா, தரமா?

உடல் எடையைக் குறைப்பது பற்றிப் பேசுவோர் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். "கலோரிக் கணக்குச் சரியாக இருந்தால் போதும்; எதைச் சாப்பிட்டாலும் எடை குறையும்" என்பது ஒரு கட்சி. "நல்ல உணவாகச் சாப்பிட்டால் கணக்கே வேண்டாம்" என்பது மற்றொன்று. இவற்றுள் எது சரி என்பதை ஆராய்வோம்.

சிராங்கூன் ரோட்டிலும் நார்த் பிரிட்ஜ் ரோட்டிலும் காலை முதல் இரவு வரை கடையில் இருக்கும் நம் வணிகப் பெருமக்களுக்கு இது வீண் வாதமன்று. 2010ஆம் ஆண்டு சிங்கப்பூர் தேசிய சுகாதார ஆய்வில், இந்தியரில் 100க்கு 17 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. சீனரில் 100க்கு 10 பேருக்கும் குறைவு. ஆசியருக்குக் குறைந்த எடையிலேயே ஆபத்துத் தொடங்குவதால், உடல் எடைக் குறியீட்டின் எச்சரிக்கை எல்லையைச் சுகாதார அமைச்சு 2005இல் 25இலிருந்து 23ஆகக் குறைத்தது. 5 அடி 5 அங்குல உயரமுள்ளவருக்கு அந்த எல்லை ஏறக்குறைய 63 கிலோ. நம்மில் எத்தனை பேர் அதற்குள் இருக்கிறோம்?

முதலில் கணக்கைப் பார்ப்போம்.

உணவிலுள்ள சக்தியை அளக்கும் அளவே கலோரி. ஒரு கிராம் மாச்சத்தில் 4 கலோரி, புரதத்தில் 4, கொழுப்பில் 9. செலவைவிட வரவு மிஞ்சினால் மிச்சம் கொழுப்பாய்ச் சேரும்; வரவு குறைந்தால் சேர்ந்தது கரையும். இதை மெய்ப்பிக்க 2010இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஹாப், பத்து வாரம் பெரும்பாலும் இனிப்புக் கேக்கு வகைகளையே உண்டார். ஆனால் நாளொன்றுக்குச் சுமார் 1,800 கலோரியோடு நிறுத்திக்கொண்டார். அவர் எடை 27 பவுண்டு குறைந்தது. ஆகவே, கணக்கைப் பொய்யென்று தள்ள முடியாது.

இனித் தரத்தைப் பார்ப்போம்.

2019இல் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தைச் சேர்ந்த கெவின் ஹால் என்பவர் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து ஒரு சோதனை நடத்தினார். இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு. இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவு. முன்னால் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து யாவும் இரண்டிலும் சமம். விருப்பம்போல் உண்ணலாம் என்றும் சொல்லப்பட்டது. ஆலை உணவு உண்டபோது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டனர், எடை 0.9 கிலோ ஏறியது. மற்ற உணவில் 0.9 கிலோ இறங்கியது. யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை. உணவின் தன்மையே அளவைக் கூட்டியது!

இதற்குக் காரணம் விளங்காததன்று. கடலை, பயறு, மீன், கீரை ஆகியவற்றை மென்றுதான் விழுங்க வேண்டும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட நேரம் கிடைக்கிறது. மிருதுவான மைதாப் பண்டமும் இனிப்புப் பானமும் அச்செய்தி எட்டுமுன்னரே உள்ளே போய்விடுகின்றன.

கடையில் குடிக்கும் தேநீரையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மேசைக்கரண்டி டின்பாலில் சுமார் 130 கலோரி உண்டு. வாடிக்கையாளர் வந்தால் ஒன்று, சரக்கு இறங்கினால் ஒன்று என நாளுக்கு நான்கு குடித்தால் 520 கலோரி. அதனால் பகல் சோற்றில் ஒரு கவளமாவது குறைகிறதா? இல்லை. பேரேட்டில் ஏறாத கடன் இதுவே.

நல்ல உணவுக்கும் கணக்கு உண்டு என்பதை மறத்தலாகாது. 100 கிராம் பாதாமில் சுமார் 580 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், எந்த எண்ணெயாயினும், சுமார் 120 கலோரி. நோன்புக் கஞ்சி நல்ல உணவுதான்; அதன்மேல் வாடா, சமூசா, சர்பத் என்று அடுக்கினால் கஞ்சியைக் குறைகூறிப் பயனில்லை.

ஆகவே முடிவு இது: எடையைத் தீர்மானிப்பது அளவு, அந்த அளவைப் பசியின்றிக் காத்துத் தருவது தரம். கேக்குத் தின்று பத்து வாரம் பொறுத்திருக்கலாம். பத்து வருடம் முடியுமா?

நடைமுறைக்குச் சில யோசனைகள்:

1. தேநீரைக் கொசோங்காகக் கேளுங்கள். உடனே முடியாவிடில் முதலில் டின்பாலில் பாதியைக் குறையுங்கள்.

2. பசியாறப் பரோட்டா தினந்தோறும் வேண்டாம். முட்டை, சுண்டல், பயறு இருக்கட்டும்.

3. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு மீனோ இறைச்சியோ பருப்போ, கால் பங்கு சோறு. ஆணத்தைச் சோற்றில் ஊற்றிக் குளிப்பாட்ட வேண்டாம்.

4. பிரியாணியையும் நெய்ச்சோற்றையும் விருந்து நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

5. நீரிழிவு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைக்க வேண்டாம். இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும்.

உணவுக்கடை நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் கலக்கும் பானங்களுக்கும் 2023 டிசம்பர் 30 முதல் 'நியூட்ரி-கிரேட்' தரக்குறி விதி வந்துள்ளது. சிறு கடைகளுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் குடிப்பவர் உடலுக்கு விலக்கு இல்லை. வாடிக்கையாளர் கேளாமலே சீனியைக் குறைத்துக் கலந்து, வேண்டியவருக்கு மட்டும் கூட்டிக் கொடுத்தால் வியாபாரம் கெடாது. டின்பால் செலவும் மிஞ்சும். நாற்பது வருடம் நம் கடைக்கு வரவேண்டிய மனிதரை நலமாக வைத்திருப்பதைவிட வேறென்ன முதலீடு வேண்டும்?