திறந்த வாயிலும் குப்பை மடலும்

ஊர்ச் சாவடிக்குக் கதவில்லை. வழிப்போக்கர் எவரும் நுழையலாம்; இளைப்பாறலாம்; வழி கேட்டறியலாம். கதவில்லாமையே சாவடிக்குச் சிறப்பு. அதற்கு வரும் தொல்லைக்கும் அதுவே காரணம். இக்காலத்து மின்னஞ்சல் வழியே நடைபெறும் பொது மடற்குழுக்களின் நிலையும் இத்தகையதே. ஒரு துறையில் ஈடுபட்டார் பலர் கூடிப் பொது முகவரி ஒன்று அமைத்துக்கொள்கின்றனர். அம்முகவரிக்கு ஒருவர் எழுதும் மடல் குழுவினர் அனைவர்க்கும் சென்று சேரும். லீனக்ஸ் கர்னலை ஆக்குவோரும், டெபியன் என்னும் மென்பொருள் தொகுதியை ஆக்குவோரும் உலகின் பல மூலைகளிலிருந்து ஒருங்கே பணியாற்றுவது பெரிதும் இத்தகைய குழுக்களின் வாயிலாகவேயாம். அவற்றுட் பலவற்றில் உறுப்பினரல்லாதாரும் எழுதலாம். அவ்வாயிலின் வழியே வேண்டாத விளம்பரங்களும் வஞ்சக மடல்களும் புகுகின்றன. இவற்றை ஸ்பாம் என்பர். இவற்றைத் தடுக்கும் வழி யாது, தடுக்குங்கால் கருதத்தக்கது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

ஸ்பாமின் இலக்கணம்

கேளாதார்க்கு அனுப்பப்படுதல், பெருந்தொகையாக அனுப்பப்படுதல் என்னும் இரண்டும் பொருந்தியதே ஸ்பாம் ஆகும். கடுஞ்சொல்லால் எழுதப்பட்ட வினாவொன்று நமக்கு வெறுப்பைத் தரலாம். ஆயினும் அது ஸ்பாம் அன்று. நல்ல அறச்செயலுக்கே பொருள் வேண்டி எழுதியதாயினும், இலட்சம் பேர்க்குக் கேளாமல் அனுப்பப்படுமாயின் அது ஸ்பாமே. இவ்வேறுபாட்டை மறந்தவர், தமக்குப் பிடியாத கருத்தையெல்லாம் குப்பையென்று தள்ளத் தலைப்படுவர்.

இப்பெயர் முதற்கண் 1937-இல் அமெரிக்காவில் ஹார்மெல் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொணர்ந்த தகர டப்பா இறைச்சிக்கு இடப்பட்டது. 1970-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் மான்டி பைத்தன் குழுவினர் நடித்த நகைச்சுவைக் காட்சி ஒன்றில், உணவுச்சாலையில் இருந்தோர் சிலர் இச்சொல்லையே ஓயாது பாடி மற்றையோர் பேச்சு எழவொட்டாமற் செய்வர். ஒரே ஓசையால் பிறர் உரையாடலை மூழ்கடித்தல் என்னும் ஒப்புமை பற்றி இப்பெயர் குப்பை மடலுக்கு ஆயிற்று.

தோற்றமும் காரணமும்

இந்நோய் புதியதன்று. 1975-இலேயே ஜான் போஸ்டல் என்பார், வேண்டா மடல்களை மறுக்கும் வழி கணிப்பொறி வலையமைப்பில் இல்லையென்று எழுதி எச்சரித்தார். 1978 மே மாதத்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவர், அர்ப்பாநெட் வலையிலிருந்த ஏறக்குறைய நானூறு பேர்க்குத் தம் கணிப்பொறியைப் பற்றிய விளம்பரத்தை ஒருசேர அனுப்பினார். 1994 ஏப்ரலில் அரிஸோனா மாநிலத்து வழக்கறிஞர் இருவர், யூஸ்நெட் வலையின் ஆயிரக்கணக்கான உரையாடற் குழுக்களில் ஒரே விளம்பரத்தைக் கொட்டினர்.

இத்துணை எளிதாக இது பரவியதற்குக் காரணம் என்னை? பிரிட்டனில் 1840-ஆம் ஆண்டுக்கு முன் கடிதக் கூலியைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்தினர். பென்னி அஞ்சல் வந்தபின் அனுப்புவோர் முன்னரே செலுத்துவது வழக்கமாயிற்று. ஆதலால் வீண் மடல் எழுதுவோர்க்கும் கைப்பொருட் செலவு நேர்ந்தது. மின்னஞ்சலிலோ நிலைமை மீண்டும் தலைகீழாயிற்று. அனுப்புவோர்க்குச் செலவு மிகச் சிறிது. பெறுவோர்க்கே காலமும் கவனமும் செலவு. மேலும், 1982-இல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் விதிமுறையில் அனுப்புவோர் இன்னார்தாம் என்று சோதிக்க வழியில்லை. ஒருவரையொருவர் அறிந்த சிறு கூட்டத்துக்கு வகுத்த விதி உலகம் முழுமைக்கும் உரியதாயிற்று.

மடற்குழுவில் இத்தீமை பெருகுகின்றது. ஒரு மடல் புகுந்தால் ஆயிரம் உறுப்பினர்க்கு ஆயிரம் மடல் ஆகும். பழைய மடல்களைக் காத்துவைக்கும் பொதுக் களஞ்சியத்திலும் அது தங்கிப் பின்வருவோர்க்கும் இடர் செய்யும்.

தடுக்கும் வழிகள்

முதலாவது, உறுப்பினரே எழுதலாம் என விதித்தல். இஃது எளிது, பெரும்பயனும் தரும். ஆயின் உறுப்பினர் முகவரியைப் பொய்யாக இட்டு எழுதுவாரை இது தடாது. ஒரே ஒரு வினாவுடன் வரும் புதியவரைத் தடுத்துவிடும்.

இரண்டாவது, ஐயத்துக்குரிய மடலை நிறுத்திவைத்து, ஒருவர் படித்துப்பார்த்துப் பின் விடுத்தல். புதிய உறுப்பினரின் முதல் மடல்களை மட்டும் இவ்வாறு பார்ப்பாரும் உளர். இது செம்மையானது, ஆனால் உழைப்பாளர் வேண்டும். பார்வையிடுவார் அயர்ந்தால் நல்ல மடலும் நாட்கணக்கில் காத்துக்கிடக்கும்.

மூன்றாவது, வாயிலிலேயே சோதித்தல். ஸ்பாம் அனுப்பும் கணிப்பொறிகளின் முகவரிப் பட்டியலைக் கொண்டு மறுக்கலாம். 2003-இல் தோன்றிய ‘கிரேலிஸ்டிங்’ என்னும் முறையில், அறியாத இடத்திலிருந்து வரும் மடலைச் சர்வர் முதலில் ஏற்காது, ‘சிறிது பொறுத்து வருக’ என்னும் குறியீட்டைத் தரும். முறைப்படி இயங்கும் சர்வர் மீண்டும் வரும். அவசரமாகக் கொட்டிச் செல்லும் ஸ்பாம் நிரல் பெரும்பாலும் வாராது. அனுப்பிய இடத்தை மெய்ப்பிக்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். முதலிய முறைகளும் உள. ஆயின் மடற்குழு, தலைப்பில் தன் பெயரையும் அடியில் ஒரு குறிப்பையும் சேர்க்குமாயின், டி.கே.ஐ.எம். ஒப்பம் பிழைபடும். 2014 ஏப்ரலில் யாஹூவும் ஏஓஎல்லும் தம் பயனர் முகவரியில் இத்தகைய சோதனை தவறும் மடல்களை மறுக்குமாறு பிற சர்வர்களுக்கு அறிவித்தபோது, குற்றமற்ற குழு மடல்கள் பல திருப்பப்பட்டன.

நான்காவது, சொற்களை எண்ணி அளவிடுதல். இதன் அடிப்படையை வகுத்தவர் தாமஸ் பேயிஸ் என்னும் இங்கிலாந்துப் போதகர். அவர் 1761-இல் காலமானார். அவர் எழுதிய கட்டுரையை நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் 1763-இல் வெளியிட்டார். 2002-இல் பால் கிரகாம் எழுதிய கட்டுரைக்குப் பின் ஸ்பாமைச் சலிப்பதற்கு இம்முறை பெருவழக்காயிற்று.

மாணவர் பொருட்டு ஒரு கணக்கு. ஆயிரம் ஸ்பாம் மடலும் ஆயிரம் நன்மடலும் நம்மிடம் உள்ளன என்க. ‘பரிசு’ என்னும் சொல் ஸ்பாமில் 200 மடலிலும், நன்மடலில் 10 மடலிலும் வருமாயின், அச்சொல் தரும் சாட்சி 20-க்கு 1 எனக் குற்றத்தின் பக்கம் சாயும். ‘கர்னல்’ என்னும் சொல் ஸ்பாமில் 2 மடலிலும், நன்மடலில் 98 மடலிலும் வருமாயின், சாட்சி 1-க்கு 49 என நன்மையின் பக்கம் சாயும். இரு சொல்லும் ஒரு மடலில் வரின், இரண்டையும் பெருக்க 20-க்கு 49 ஆம். அஃதாவது அது ஸ்பாமாயிருத்தற்கு நூற்றுக்கு ஏறக்குறைய 29 பங்கே வாய்ப்புண்டு. சொற்கள் ஒன்றையொன்று சாராதன என்னும் கோள் முற்றும் உண்மையன்றாயினும், இச்சல்லடை நடைமுறையில் நன்கு பயன்படுகின்றது.

இருவகைப் பிழை

எச்சல்லடையும் இருவகைப் பிழை செய்யும்: குப்பையை உள்ளே விடுதல் ஒன்று, நன்மடலைத் தள்ளுதல் மற்றொன்று. இவை ஒரு நிறையின அல்ல. உள்ளே வந்த குப்பையை அனைவரும் காண்பர், முணுமுணுத்து நீக்குவர். தள்ளுண்ட நன்மடலை ஒருவரும் காணார். நள்ளிரவில் கணிப்பொறி பழுதுற்று, பழகாத ஆங்கிலத்தில் முதன்முறையாகக் குழுவுக்கு எழுதும் இளைஞன் ஒருவனை எண்ணுக. அவன் முகவரி புதிது; நடை புதிது; ஆங்கிலமே பயின்ற சல்லடைக்கு, அவன் இடையே எழுதிய தமிழ்ச் சொற்களும் புதியன. குப்பையின் அடையாளம் பல அவன்பால் உள. விடை வாராமையால், ‘இவர்கள் என்னை மதியார்’ என்று எண்ணி அவன் அகல்வான். குழு ஒரு தொண்டனை இழந்தது, இழந்ததையும் அறியாது.

மத்தேயு சுவிசேஷத்தில் வரும் கோதுமை, களை என்னும் உவமையை நம் கல்லூரியார் அறிவர். களையைப் பிடுங்க விரைந்த ஊழியரை, கோதுமையும் உடன் வேரறுமே என்று வீட்டெஜமான் தடுத்தான். களையை அவன் பயிரென்று கொள்ளவில்லை. அவன் காத்தது பயிரை.

செய்யத்தக்கன

ஆதலின் குழு நடத்துவார் சில நெறிகளைக் கொள்ளுதல் நன்று. தெளிவான ஸ்பாமை வாயிலிலேயே, மடலை ஏற்குமுன் மறுத்தல் வேண்டும். பிழையாக மறுக்கப்பட்ட நல்லோர்க்கு அவர் சர்வர் வாயிலாகச் செய்தி எட்டும். ஏற்றபின் ஓசையின்றி அழித்தால் அவர் அறியார். ஏற்றபின் திருப்பி அனுப்பினாலோ, பொய்யாகக் குறிக்கப்பட்ட முகவரிக்குரிய குற்றமற்ற ஒருவரைச் சென்று தாக்கும். ஐயத்துக்குரியதை அழியாது நிறுத்திவைக்க. நிறுத்தியதை ஒருவரே அன்றிச் சிலர் முறைவைத்துப் பார்க்க.

உறுப்பினர் கடன் அதனினும் எளிது. குழுவில் ஸ்பாமுக்கு விடை எழுதற்க. விடையெழுதுவார் அதனை இருமுறை பரப்புகின்றார். அதிலுள்ள இணைப்பைத் தொடற்க. டெபியன் களஞ்சியத்தில், படிப்போர் ஸ்பாமைச் சுட்டிக்காட்டவும், தொண்டர் மீளப் பார்த்து நீக்கவும் வழி அமைத்துளர். பலர் கண், சிலர் கை என்னும் இம்முறை பின்பற்றத்தக்கது.

களை எடாப் பயிர் கால்பயிர் என்பது உண்மை. மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தலாகாது என்பதும் உண்மை. நாளை நம் மாணவருள் சிலர் இத்தகைய குழுக்களின் வாயிலைக் காப்பர். எத்தனை குப்பையைத் தடுத்தோம் என்று எண்ணுவதோடு அமையாது, நம்மால் நிறுத்தப்பட்டவருள் நல்லவர் எவரேனும் உளரோ என்று அவர்கள் நாள்தோறும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாராக.