பூமி ஏன் சூடாகிறது? நமது பங்கு என்ன?



2024ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் திகதி ரொறன்ரோவில் பெய்த மழையை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். பியர்சன் விமான நிலையத்தில் அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் மழை பதிவாகியது. நெடுஞ்சாலையில் கார்கள் நீரில் நின்றன. பல வீடுகளின் நிலவறைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 2023 ஜூன் மாதத்தில், காட்டுத்தீயின் புகை நகரை மூடியது. அந்த ஆண்டில் கனடாவில் எரிந்த காடு ஏறத்தாழ 1 கோடியே 50 இலட்சம் ஹெக்ரேயர்.

ஒரு மழையையோ ஒரு தீயையோ சுட்டிக்காட்டி, அதற்குப் பூமி சூடாவது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காற்றின் வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது பெருமழையாகப் பெய்கிறது. வெப்பம் கூடிய கோடையில் காடு விரைவில் காய்ந்து எளிதில் தீப்பற்றுகிறது. இதன் காரணத்தையும், குடும்பமாகவும் ஆலயமாகவும் நாம் செய்யக்கூடியதையும் இம்முறை பார்ப்போம்.

காரணம் என்ன?

சூரிய ஒளி பூமியைச் சூடாக்குகிறது. பூமி அந்த வெப்பத்தைத் திரும்ப வான்வெளிக்கு விடுகிறது. காற்றிலுள்ள நீராவி, காபனீரொட்சைட்டு, மெதேன் போன்ற வாயுக்கள் அதில் ஒரு பகுதியைத் தடுத்து வைத்துக்கொள்கின்றன. இதனைப் பச்சைவீட்டு விளைவு என்பர். இது தன்னளவில் தீயதன்று. இந்த வாயுக்கள் இல்லாதிருந்தால் பூமியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 18 பாகையாக இருந்திருக்கும். குளிர்காலத்தில் நாம் போர்த்துக்கொள்ளும் கம்பளி போன்றது இது. ஒரு கம்பளி சுகம். மேலும் மேலும் போர்த்தினால் வியர்த்துக் கொட்டும்.

இவ்வாயுக்கள் வெப்பத்தைப் பிடித்து வைப்பதை ஜோன் ரின்டால் 1859இல் ஆய்வுகூடத்தில் அளந்து காட்டினார். நிலக்கரியை எரிப்பதால் பூமி சூடாகக்கூடும் என்று சுவீடன் நாட்டு விஞ்ஞானி அரீனியஸ் 1896இலேயே கணக்கிட்டார். ஆகவே இது நேற்று முளைத்த கருத்தன்று.

கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தது. 1958இல் சாள்ஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது அது 315 அளவில் இருந்தது. இன்று 420ஐக் கடந்துவிட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிலத்தினுள் புதைந்து கிடந்த நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை நாம் இருநூறு ஆண்டுகளுக்குள் தோண்டி எரித்ததே முதன்மைக் காரணம். காடழிப்பும், கால்நடை வளர்ப்பிலும் குப்பை மேடுகளிலும் உண்டாகும் மெதேனும் அடுத்த காரணங்கள்.

நமது மாகாணம் தரும் பாடம்

"இவ்வளவு பெரிய விடயத்தில் நாம் என்ன செய்ய முடியும்?" என்று பலரும் கேட்கின்றனர். அதற்கு விடை நம் அருகிலேயே இருக்கிறது.

2003இல் ஒன்ராறியோவின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலக்கரியிலிருந்து கிடைத்தது. ஈரி ஏரிக்கரையிலிருந்த நன்ரிக்கோக் நிலையம் வட அமெரிக்காவிலேயே மிகப் பெரிய நிலக்கரி மின்நிலையமாக இருந்தது. மிசிசாகாவில் வாழ்ந்தவர்களுக்கு லேக்வியூ நிலையத்தின் நான்கு உயர்ந்த புகைபோக்கிகள் நினைவிருக்கும். மருத்துவர்களும் சூழல் அமைப்புகளும் பொதுமக்களும் இடைவிடாது வற்புறுத்தியதனால், நிலக்கரியை முற்றாகக் கைவிடுவதென்று மாகாணம் முடிவு செய்தது. 2005இல் லேக்வியூ மூடப்பட்டது. 2013 இறுதியில் நன்ரிக்கோக் நிலக்கரி எரிப்பதை நிறுத்தியது. 2014 ஏப்ரலில் தண்டர் பே நிலையத்துடன் ஒன்ராறியோவில் நிலக்கரி மின்சாரம் முடிவுக்கு வந்தது.

2005இல் மாகாணத்தில் 53 நாட்கள் புகைமூட்ட எச்சரிக்கை விடுக்கப்பட்டது. 2014இல் ஒரு நாள்கூட இல்லை. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் புகை குறைந்ததும் இதற்கு உதவியது. நன்ரிக்கோக் நிலத்தில் 2019 முதல் சூரிய மின்பலகைகள் மின்சாரம் தருகின்றன. முடியாதென்று பலர் சொன்ன காரியம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் முடிந்தது.

நமது வீட்டுக் கணக்கு

இந்த மாற்றத்தால் நமக்கு ஒரு புதிய கடமையும் உண்டாகியுள்ளது. ஒன்ராறியோ மின்சாரத்தின் பெரும்பகுதி இன்று அணுமின்னும் நீர்மின்னும் ஆகும். அண்மைய ஆண்டுகளில் எரிவாயுவின் பங்கு மீண்டும் கூடி வருகின்றபோதிலும், நம் வீட்டு விளக்குகளால் வெளியேறும் காபனீரொட்சைட்டு சிறிதளவே. வெளியே போகும்போது விளக்கை அணைப்பது நல்ல பழக்கம். அத்துடன் கடமை முடிந்ததென்று எண்ணுவதே தவறு. ரொறன்ரோ நகரம் வெளியேற்றும் பச்சைவீட்டு வாயுக்களில் பாதிக்கு மேல் கட்டடங்களிலிருந்து, அதிலும் பெரும்பாலும் சூடாக்குவதற்கு எரிக்கும் எரிவாயுவிலிருந்து வருகிறது. அடுத்த ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாகனங்களிலிருந்து வருகிறது.

உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு கன மீற்றர் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 1.9 கிலோ காபனீரொட்சைட்டு உண்டாகும். ஆண்டுக்கு 2,000 கன மீற்றர் எரிக்கும் வீடு 3,800 கிலோவை வெளியேற்றுகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 2.3 கிலோ. ஆண்டுக்கு 1,300 லீற்றர் எரிக்கும் கார் ஏறத்தாழ 3,000 கிலோ. ஊருக்கு விமானத்தில் போய்வரும் ஒருவரின் பங்கு 2,000 கிலோவுக்கும் மேல்.

ஆகவே பெரிய செலவு எங்கே இருக்கிறதோ அங்கேயே சிக்கனத்தைத் தொடங்க வேண்டும்.

1. யன்னல், கதவு இடுக்குகளை அடையுங்கள். கூரைக்கு அடியில் வெப்பக்காப்பு போதுமானதா என்று பாருங்கள். இரவில் சூட்டைச் சற்றுக் குறைத்து வையுங்கள்.

2. பழைய ஃபேர்னஸ் பழுதாகும் நாள் வரும். அன்று அவசரத்தில் முடிவெடுக்காமல், மின்சாரத்தில் இயங்கும் வெப்பப் பம்பு பற்றி முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். அதுவே கோடையில் வீட்டைக் குளிரவும் வைக்கும்.

3. அடுத்த கார் வாங்கும்போது, அது இனிவரும் பத்து ஆண்டுகள் எவ்வளவு பெற்றோல் எரிக்கும் என்பதையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

4. ஊரில் தாய் தந்தையர் இருக்கும்போது போகாதீர்கள் என்று சொல்ல நமக்கு மனமில்லை. இரண்டு குறுகிய பயணங்களுக்குப் பதிலாக ஒருமுறை போய்க் கூடுதலான நாட்கள் தங்கி வரலாம். பெற்றோருக்கும் அது மகிழ்ச்சியே.

ஆலயத்தில் நாம்

திருவிழா நாட்களில் ஒரே வீதியிலிருந்து நான்கு கார்கள் ஆலயத்திற்கு வருகின்றன. அயலவரையும் ஏற்றி வந்தால் தரிப்பிட நெருக்கடியும் தீரும். முதியோரும் தனித்து விடப்பட மாட்டார்கள்.

அன்னதானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியுள்ளது. குறைகூறுவதற்காக அன்று, நமக்கு நாமே நினைவூட்டுவதற்காகவே எழுதுகிறோம். வீசப்படும் சோறு குப்பை மேட்டில் காற்றின்றி அழுகும்போது மெதேன் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தாலும் அது காபனீரொட்சைட்டைவிட 25 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கும். நெல் வயலிலும் மெதேன் உண்டாகிறது. ஆகவே வீசும் ஒரு பிடி சோறு விளையும்போது ஒருமுறையும் அழுகும்போது இன்னொரு முறையும் பூமியைச் சூடாக்குகிறது. முதலில் குறைவாகப் பரிமாறி, கேட்பவர்க்கு மீண்டும் கொடுப்போம். பிள்ளைகளின் தட்டில் அவர்கள் உண்ணும் அளவே வைப்போம். எஞ்சியதைக் குப்பையோடு சேர்க்காமல் உணவுக் கழிவுக்கான பச்சைத் தொட்டியில் இடுவோம். வீட்டிலும் அவ்வாறே செய்வோம்.

நிலம், நீர், தீ, வளி, வெளி என்னும் ஐந்தையும் இறைவன் வடிவாகவே வணங்குபவர்கள் நாம். தீபம் ஏற்றும் கையால் காற்றையும் காப்போம். ஒரு குடும்பம் குறைப்பது சிறிது. ஆனால் லேக்வியூவின் புகைபோக்கிகளைச் சாய்த்ததும் தனித்தனி மனிதர் பலர் ஒன்றுசேர்ந்து எழுப்பிய குரலே. தேர்தல் காலத்தில் வீடு தேடி வரும் வேட்பாளரிடம் இதைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்போம்.

பிள்ளைகளுடன் கலந்துரையாட:

1. பச்சைவீட்டு விளைவு முற்றிலும் இல்லாவிட்டால் பூமி எப்படி இருக்கும்?

2. நம் வீட்டுக் கடந்த ஆண்டு எரிவாயுப் பட்டியல்களில் எத்தனை கன மீற்றர்? அது எத்தனை கிலோ காபனீரொட்சைட்டு?

3. அடுத்த திருவிழாவிற்கு நம்முடன் யாரை அழைத்து வரலாம்?